கூத்து மேடையில் பெட்டி, கச்சேரி மேடையில் மாண்டலின்

மலிவாகக் கிடைக்கிற வாத்தியம், சீக்கிரம் கைக்கு வருகிற வாத்தியம், கடல் கடந்து வந்த வாத்தியம். இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலே நம் சங்கீத உலகம் முகம் சுளிக்கும். மூன்றும் பொருந்திவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆர்மோனியத்துக்கு மூன்றும் பொருந்தின. பாரதி ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் அதை விட்டுவைக்கவில்லை. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் அதை ஒலிக்கவே விடவில்லை. அந்தத் தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாண்டலினும் இதே வாசலில்தான் நின்றது. 1981 டிசம்பரில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் சென்னையில் அதை எடுத்துக்கொண்டு மேடையேறியபோது, இதில் கர்நாடக சங்கீதம் வருமா என்றுதான் முதலில் கேட்டார்கள். வாசித்துக் காட்டிய பிறகு அந்தக் கேள்வி மெல்ல அடங்கியது. ஆனால் அதற்கு வெகு முன்பே இதே கேள்விக்குச் செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்கள் தங்கள் வழியில் பதில் சொல்லியிருந்தன. சபாக்காரர்கள் காதில் அது விழவில்லை. மலிவும் எளிமையும் இசையைக் கெடுப்பதில்லை, அந்த வாத்தியத்தை முன்னால் நின்று நடத்த உறுதியான பாட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்பதுதான் அதன் கதியைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். செஞ்சிப் பக்கத்துக் கூத்து அதற்கு முதல் சான்று, மாண்டலின் இரண்டாவது.

திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஒரே மதிலுக்குள் வளைத்துக்கொண்டு கிடக்கிறது செஞ்சிக் கோட்டை. கோன் வம்சத்தார் தொடங்கிவைக்க, விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் பெருக்கிக் கட்டினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும், நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் அவுரங்கசீப்பின் படைக்கும் கைமாறியது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இத்தனை பேர் ஆண்ட இடத்தில் ஊர்ப்பாட்டில் நிலைத்தவன் தேசிங்கு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு பொருதி இளம்வயதில் செத்த தேஜ்சிங். அவன் புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்துப் பிள்ளை. அவனையும் அவன் நண்பன் மோவத்துக்காரனையும் நீலவேணிக் குதிரையையும் தமிழ்க் கதைப்பாட்டு தன் சொந்தச் சரக்காக்கிக்கொண்டது. ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக அச்சாகிச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றது. வெளியிலிருந்து வருவதைப் பற்றி இந்த ஊர் கூச்சப்பட்டதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.

கோட்டை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்திலிருக்கும் மேலச்சேரிக்குப் போவதில்லை. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் ஊர் அது. அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலைத் தொண்டை நாட்டுத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் ஆதி என்று சொல்லும் மரபு உண்டு. செஞ்சி மன்னனைக் காக்கத் திரௌபதி நெருப்பிலிருந்து இரண்டாம் முறை பிறந்து வந்து நூறு தலை அசுரனை அழித்தாள் என்றும், அவளுக்குக் காவல் நிற்கும் போத்துராஜா கையில் இருப்பது அந்த அசுரன் தலை என்றும் கதை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி, செஞ்சியில் தொடங்கிக் குருக்ஷேத்திரம் போவதாகத் தலைப்பிலேயே சொல்லும். வழிபாடு பரவிய இடமெல்லாம் அதோடு பாரதக் கூத்தும் போனது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம்; இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை கூத்து; அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று அது முடியும். இப்படிப் பல இரவுகள் விடாமல் பாடி ஆட வேண்டிய ஜமா என்ற கூத்துக் குழுவுக்கு என்ன வாத்தியம் வேண்டும் என்பது அழகியல் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. சோற்றுக் கேள்வியும் அதில் அடங்கும்.

கூத்தின் பழைய மேளம் சின்னது. மத்தளம் அல்லது மிருதங்கம், கைத்தாளம், முகவீணை. முகவீணை பெயரில் வீணை இருந்தாலும் ஊதுகிற கருவி; நாகசுரத்தின் குட்டித் தம்பி; சீவாளி வைத்து ஊதுவது; குரல் கீச்சென்று உயர்ந்து ஊர்க்கோடிவரை எட்டும். இவற்றோடு ஆர்மோனியம் வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பதினோரு வருஷம் செஞ்சியில் இருந்தார்கள், ஆர்மோனியமும் பாரிஸ் சரக்கு, எனவே அவர்கள் விட்டுப்போனதுதான் என்று யாராவது கதை கட்டினால் நம்பிவிட வேண்டாம். அலெக்சாந்தர் தெபேன் என்பவர் பாரிஸில் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1842இல். செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி அப்போது எண்பது வருஷம் ஆகியிருந்தது. அது காலால் மிதித்து வாசிக்கும், மேசைபோல நிற்கும் பெட்டி. கிறிஸ்தவ மிஷன்களுக்கும் துரைமார் வீட்டு வரவேற்பறைக்கும்தான் சரிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கால்மிதியைக் கழற்றிவிட்டுத் துருத்தியைப் பின்பக்கம் கொண்டுவந்தார். இடக்கையால் காற்று அடித்து, வலக்கையால் வாசித்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்காரலாம் என்று ஆன பிறகே இந்தியாவில் அதற்கு வாழ்வு வந்தது. பார்சி நாடகக் கம்பெனிகள் அதைத் தூக்கிக்கொண்டு நாடு முழுதும் சுற்றின. தமிழ் நாடகக் கம்பெனிகள் அவர்களைப் பார்த்துக் கற்றன. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் பெட்டிக்காரர் இல்லாமல் திரை தூக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை எல்லாம் ரயில் ஊர்கள். கம்பெனி நாடகம் எட்டக்கூடியவை. செஞ்சிக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. ஆனால் நாடகம் பார்த்துவிட்டு வண்டி கட்டித் திரும்பிய கிராமத்து வாத்தியார்களுக்கு ரயில் எதற்கு? பார்த்தது மனசில் இருந்தால் போதும்.

ஆர்மோனியத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் அது ஏன் கிராமத்துக்கு ஒத்துப்போனது என்பது விளங்கும். உள்ளே மரப்பலகையில் வரிசையாகப் பித்தளை ரீடுகள். ஒவ்வொன்றும் ஒரு தகட்டில் அறைந்த மெல்லிய நாக்கு. கட்டையை அழுத்தினால் அடியிலுள்ள துளை திறந்து, காற்று அந்த நாக்கை அதிரவைக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். குஜராத்தின் பாலிதானா ரீடுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து போகும் ரீடுகள் நாடெங்கும் பெட்டிகளில் ஏறுகின்றன. ரீடு சுருதி தவறினால் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாக்கின் நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். துருத்தியில் காற்றுக் கசிந்தால் தோலோ துணியோ ஒட்டிச் சமாளிக்கலாம். கட்டையின் கம்பிச்சுருள் தளர்ந்தால் மாற்றலாம். கை பழகிய யாரும் ஊரிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகள் இவை. வீணையை எண்ணிப் பாருங்கள். பலாமரம், தஞ்சாவூர் ஆசாரி, மெழுகில் பதித்த மெட்டுகள். வெயிலில் மெழுகு இளகினால் மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். வைகாசி வெயிலில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போகிற ஜமாவுக்கு அது கட்டுப்படியாகுமா? பெட்டியைத் தலைச்சுமையாகக்கூடக் கொண்டுபோகலாம். ஒருமுறை வாங்கினால் ஒரு தலைமுறைக்கு வரும். வாங்குகிற விலையை விட வைத்துக் காப்பாற்றுகிற செலவுதான் ஏழைக்குப் பெரிய விலை. மலிவு என்று பேசும்போது பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு விலையும் உண்டு. அது பணத்தில் சேராதது. நாகசுரம், தவில் போன்ற கருவிகள் பிறப்போடு ஒட்டியவையாக இருந்தன. இசை வேளாளர் வீட்டிலோ மருத்துவர் வீட்டிலோ பிறந்தவர் ஊதினார். மற்றவர் கையில் எடுப்பது வழக்கமில்லை. பறையின் கதை இன்னும் கசப்பானது. கூத்திலும் இன்ன ஊர் இன்னாருக்கு என்ற முறையுரிமை இருந்தது. புதிதாக வந்த பெட்டிக்கு இப்படி எந்தப் பட்டாவும் எழுதப்படவில்லை. அதை யார் தொட்டாலும் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. யாருக்கும் இழிவும் ஒட்டுவதில்லை. விருப்பமும் காதும் இருக்கிற எவரும் உட்கார்ந்து கட்டையை அழுத்திப் பார்க்கலாம். தமிழ் இசை வரலாற்றில் வெளிநாட்டு வாத்தியங்கள் வேர்பிடித்த இடங்களைப் பார்த்தால் இந்தக் காரணம் திரும்பத் திரும்பத் தென்படும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரனிடமிருந்து வயலினைக் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனைவரை கொண்டுபோய், 1834இல் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். ஒருவர் பிராமணர், மற்றவர் நட்டுவனார் குலம். இருவருக்கும் இடையில் கைமாற முடிந்த கருவி, யாருக்கும் சொந்தமில்லாமல் வந்த கருவி. கிளாரினெட்டைச் சதிர் மேளத்துக்குள் கொண்டுவந்தவர்களும், பின்னால் அதைக் கச்சேரி வாத்தியமாக்கிய ஏ.கே.சி. நடராஜனும் இதே திறந்த வாசலால் நுழைந்தவர்கள்தான்.

இங்கே எதிர்வாதக்காரர் எழுந்து நிற்பார். வயலினில் மெட்டு இல்லை, விரலை இழுத்து எந்தக் கமகத்தையும் கொண்டுவரலாம். ஆர்மோனியத்தில் கட்டைக்கு ஒரு சுரம், அதுவும் மேற்கத்திய சமப் பங்கீட்டில் நிறுத்திய சுரம். இதில் தோடியின் காந்தாரம் எங்கே ஆடும் என்று கேட்பார். சரியான கேள்வி. பாரதி தொடங்கிப் பலரும் கேட்டது இதைத்தான், பதிலும் எளிது: ஆடாது. ஆனால் கூத்தில் அந்தக் காந்தாரத்தை ஆட்டும் வேலை பெட்டிக்குத் தரப்பட்டதே இல்லை. கூத்தில் பாடுகிறவன் ஆடுகிறவனே. கட்டை அணிகளைக் கட்டிக்கொண்டு, கிரீடத்தின் பாரத்தோடு, கிறுக்கி சுற்றிவிட்டு மூச்சு வாங்க நிற்கும் துரியோதனன் அடுத்த விருத்தத்தை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் காதுக்கு ஆதார சட்ஜம் வேண்டும். ராகத்தின் நிழல் ஒன்று முன்னால் விழ வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கிக்கொள்ள ஒரு தளம் வேண்டும். பெட்டி செய்தது இதைத்தான். கமகம் குரலில் இருந்தது. முகவீணை இருந்த இடத்தில் அதிலும் இருந்தது. அதோடு முகவீணையால் முடியாத ஒன்றையும் பெட்டி செய்தது. ஊதுகுழலின் சுருதி அதன் நீளத்தோடு முடிந்துபோன விஷயம். ஆளுக்குத் தகுந்தபடி மாற்ற முடியாது. பெட்டியில் ஆதார சட்ஜத்தை இன்னொரு கட்டைக்கு நகர்த்தினால் தீர்ந்தது. பெண்வேடக்காரனின் உச்சிக் குரலுக்கு ஒன்று, கட்டியக்காரனின் கரகரத்த தொண்டைக்கு ஒன்று என்று மாற்றிக்கொடுக்கலாம். விடியற்காலை நாலு மணிக்குத் தொண்டை இறங்கிப்போனால் பெட்டியும் கூடவே இறங்கிவரும். கச்சேரி வித்வான் ஒரே சுருதியில் மூன்று மணி நேரம் பாடுகிறவர். அவருக்கு இந்த அருமை தெரியாமல் இருப்பது இயல்பே.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: பெட்டி வந்துதான் முகவீணை போயிற்று என்பது. பல ஜமாக்களில் இன்று முகவீணை இல்லை; பெட்டி இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைத் தின்றதுபோலத்தான் தோன்றும். இழப்பு உண்மை, அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இரவின் நடுச்சாமத்தில் அந்தக் கீச்சுக் குரல் தோடியிலோ முகாரியிலோ ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் கூட்டத்தின் தூக்கம் கலையும். பெட்டியால் அது ஆகாது. ஆனால் காரணத்தைப் பெட்டியின் தலையில் கட்டுவது சரியல்ல. இரண்டும் ஒரே மேடையில் பல காலம் சேர்ந்து ஒலித்திருக்கின்றன; இன்றும் சேர்ந்து ஒலிக்கும் ஜமாக்கள் உண்டு. பெட்டி பகையாக வந்திருந்தால் அது நடந்திருக்காது. முகவீணைக்குச் சீவாளி கட்டத் தெரிய வேண்டும். மூச்சை அடக்கி விட வருஷக்கணக்கில் பழக வேண்டும். சிறு வயதிலேயே வீட்டில் தொடங்க வேண்டும். அந்த வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். குலத்தொழிலோடு ஒட்டிவந்த அவமதிப்பை உதறிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். போனது நியாயம். கூலியும் மரியாதையும் தராத ஊர், வாசிக்க ஆள் இல்லையே என்று பெட்டியைக் குறை சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னர் குருகுலம் நடத்தியபோது, பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, ஆட்டத்தோடு வாத்தியமும் சொல்லிக்கொடுத்தது. பிறந்த வீட்டைக் கேட்காமல் கற்பித்தால் பழைய வாத்தியத்துக்கும் புது ஆள் கிடைப்பார் என்பதற்கு அப்படிப்பட்ட முயற்சிகளே அத்தாட்சி. அந்தத் திறந்த வாசலை முதலில் பழக்கியது பெட்டிதான் என்று நான் சொல்வேன்.

சபாக்களின் நிலைப்பாட்டில் உள்ள ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வானொலியில் ஆர்மோனியத்தைத் தடுத்தவர்கள், அந்தப் பெட்டியின் வயிற்றிலிருந்தே பிறந்த சுருதிப்பெட்டியைத் தம்புராவுக்குப் பதிலாக மேடைக்கு மேடை உட்கார வைத்தார்கள். அதே ரீடு, அதே துருத்தி. கட்டைகள் மட்டும் இல்லை. நாகசுரத்துக்கு ஒத்து ஊதியவரின் இடத்தையும் அதுவே பிடித்தது. இன்றும் பாடகரிடம் சுருதி கேட்டால் ஒரு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று ஆர்மோனியத்தின் கட்டையை எண்ணித்தான் சொல்கிறார். ஆக, கருவியின்மேல் கோபம் இல்லை. அது யார் வீட்டு வாசலில் ஒலிக்கிறது என்பதில்தான் கோபம் என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. முப்பத்தோரு வருஷம் வானொலி அதை வாய்மூட வைத்திருந்த காலத்தில் தொண்டை நாட்டுக் கிராமங்களில் அது இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கூத்துப் பாட்டு கெட்டுவிட்டதா? நாட்டையில் தொடங்கி மோகனம், காம்போதி, கல்யாணி, முகாரி என்று இடத்துக்கு இடம் ராகம் மாற்றும் வழக்கம் அங்கே அழியவில்லை. கூத்துப் பாட்டு வாத்தியாரின் வாயிலிருந்து பையன்களின் காதுக்குப் போகிறது. பெட்டியிலிருந்து யாரும் அதைக் கற்பதில்லை. பெட்டிக்காரர்தான் பாட்டிலிருந்து தம் விரலைக் கற்கிறார். திசை இதுவாக இருக்கும்வரை கட்டையின் குறை பாட்டைத் தொடாது.

மாண்டலினுக்கு வருவோம். நேப்பிள்ஸ் நகரத்து வினாச்சியா குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய வடிவம் அது. குடம்போல் பருத்த முதுகு, நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள், வயலினுக்குள்ள அதே சுருதி அமைப்பு. அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் முதுகைத் தட்டையாக்கி 1898இல் காப்புரிமை வாங்கினார். அங்கே அது வீட்டுக்கு வீடு, தபாலில் வரவழைத்து வாங்கும் சாமானாயிற்று. மெட்டு இருப்பதால் வயலின்போல் சுரத்தைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை; வில் பிடிக்கவும் பழக வேண்டியதில்லை; பிளெக்ட்ரத்தால் தட்டினால் முதல் நாளே ஒரு பாட்டு வந்துவிடும். இங்கே கல்யாண பாண்டுகளிலும் மெல்லிசைக் குழுக்களிலும் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அது புகுந்ததற்கு இதுவே காரணம். இந்தி சினிமாவில் சஜ்ஜாத் ஹுசேன் அதைக் கொண்டு வித்தை காட்டினார். ஆனால் கர்நாடக சங்கீதத்துக்கு அதில் மூன்று முட்டுக்கட்டைகள் இருந்தன. ஒன்று, ஜோடித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறுவதில்லை, கமகம் பிசிறடிக்கும். இரண்டு, தந்தி குட்டை, விறைப்பும் அதிகம். வீணையில்போல் நாலு சுரம் இழுக்க முடியாது. மூன்று, ஒலி தட்டியவுடன் செத்துவிடும், கார்வை நிற்காது.

உப்பலபு ஸ்ரீநிவாஸ் 1969 பிப்ரவரி 28இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லுவில் பிறந்தார். தகப்பனார் சத்யநாராயணா கிளாரினெட் வாசித்தவர், இசைக்குழுக்காரர். வீட்டில் கிடந்த மாண்டலினைப் பையன் ஆறு வயசில் எடுத்தான். அவனுக்கு வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாத்தியத்தில் தேடி எடுப்பான். என் வாதம் முழுவதும் தங்கியிருக்கும் இடம் இதுதான். மாண்டலின் தெரிந்த ஒரு குரு கிடைத்திருந்தால், மாண்டலினுக்கு எது எளிதோ அதைத்தான் பையன் முதலில் கற்றிருப்பான். பாட்டு மட்டுமே தெரிந்தவர் கிடைத்ததால், வாத்தியத்தின் சௌகரியம் என்ற பேச்சே எழவில்லை. குரலில் இருப்பது விரலில் வந்தாக வேண்டும், வராவிட்டால் வாத்தியத்தைத்தான் மாற்ற வேண்டும். அப்படித்தான் மாற்றவும் செய்தார்கள். ஜோடித் தந்திகள் ஒற்றைத் தந்தியாயின. நான்கு வரிசை ஐந்தாயிற்று, கீழ் ஸ்தாயி கிடைத்தது. மின்சார மாண்டலினைக் கையில் எடுத்ததால் செத்துப்போகும் ஒலி உயிரோடு நின்றது, கார்வை வந்தது. 1978இல் குடிவாடா தியாகராஜ உற்சவத்தில் முதல் கச்சேரி. 1981இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில். 1983இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில். 1998இல் பத்மஸ்ரீ வந்தது. 2014 செப்டம்பர் 19இல் நாற்பத்தைந்து வயதில் சென்னையில் காலமானார். ஒரு வாத்தியத்துக்கு முன்னோடி இல்லாமல், வாழையடி வாழை இல்லாமல், ஒரே தலைமுறையில் கச்சேரி மேடையில் இடம் கிடைத்தது என்றால் அது இந்த ஒரு வழியால்தான்.

இது மேதையின் கதை, இதை வைத்துப் பொது விதி எழுதலாமா என்று கேட்பார்கள். மேதை என்பது மறுக்க முடியாதது. ஆனால் மேதைமை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அவருக்கு முன்னும் கைத்திறன் மிக்க மாண்டலின்காரர்கள் ஸ்டுடியோக்களில் இருந்தார்கள். அவர்கள் விரலும் சளைத்ததல்ல. அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது வேறு, அதைக் கொடுத்தார்கள். சுப்பராஜு போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து தினமும் பாடாதவரை அந்த விரல்கள் அந்தத் திசையில் போகக் காரணமே இல்லை. இன்னொரு பக்கம், செஞ்சிப் பக்கத்துப் பெட்டிக்காரர்களை யாரும் மேதைகள் என்று பட்டம் கட்டியதில்லை. பெயர்கூட ஏட்டில் ஏறவில்லை. அவர்களும் அந்நியக் கருவியைத் தம் பாட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். மேதை ஒருவர் செய்ததையும் பெயர் தெரியாத பலர் செய்ததையும் ஒரே காரணம் விளக்குகிறது என்றால், அந்தக் காரணத்தை நம்பலாம் என்று நினைக்கிறேன். புல்புல்தாராவை எதிர்ச்சான்றாகப் பாருங்கள். ஜப்பானில் பிறந்து தட்டச்சுப் பொறிபோன்ற கட்டைகளோடு வந்த அந்த மலிவான கருவி, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நுழைந்தது. முன்னால் நின்று பாட ஆள் இல்லாமல், சினிமாப் பாட்டின் முதல் வரியோடு நின்று, பரணில் ஏறிவிட்டது.

ஆகவே செஞ்சியிலோ சுற்றுவட்டாரத்திலோ இன்று ஒரு பிள்ளைக்கு மாண்டலின் வாங்கித்தர நினைப்பவர், எந்த வாத்தியம் என்பதற்கு முன்னால் யார் பாட்டு என்று தேட வேண்டும். மாண்டலின் வாத்தியார் பக்கத்தில் கிடைக்கமாட்டார். வாய்ப்பாட்டு வாத்தியாரோ, கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரோ கிடைப்பார். அது குறையே இல்லை. பிறகு கருவி. வேலைப்பாடு மிகுந்த சுருள்தலை மாண்டலினில் ஒலிக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை; கொடுக்கிற பணத்தில் பாதி செதுக்கு வேலைக்குப் போகும். குடமுதுகு, சம்மணமிட்டு உட்காருகிறவர் மடியில் வழுக்கும். தட்டை முதுகே தேவலை. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரியும். வளைந்த கழுத்தை மலிவு விலையில் யாரும் நிமிர்த்தித்தர மாட்டார்கள், அதைத் தொடவே கூடாது. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்தி ஒரு தட்டு, அதே இடத்தில் அழுத்தாமல் விரலை மெல்லத் தொட்டு ஒரு தட்டு. இரண்டும் ஒரே சுருதியில் வர வேண்டும். வராவிட்டாலும் பதற வேண்டாம். மாண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில் நிற்பது. அதை நூலிழை முன்பின் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். தந்தி மெட்டிலிருந்து எழும்பி நின்றால் பிள்ளையின் விரல் ஒரு வாரத்தில் வாத்தியத்தை வெறுத்துவிடும். குதிரையின் உயரத்தைக் குறைத்தால் அதுவும் தீரும். பழைய தந்தி துருப்பிடித்திருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். தந்தியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஜோடிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தந்தியாக வாசித்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. கமகம் அதில் எந்த அளவு வருகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இந்த வாதத்துக்கு எல்லை இல்லாமல் இல்லை. நாடக மேடைகளில் ஆர்மோனியத்தின் இடத்துக்கு எலெக்ட்ரானிக் கீபோர்டு வந்து நாளாயிற்று. கூத்து ஜமாக்களிலும் அங்கங்கே தலைகாட்டுகிறது. பெட்டியை ஆதரித்தவன் இதையும் ஆதரிக்க வேண்டாமா என்று கேட்டால், பாதி மட்டும் என்பேன். விலையும் கைக்கு அடக்கம்தான். ஒரு பொத்தானில் சுருதி மாறும். பெட்டி வேலையை அது தாராளமாகச் செய்யும். ஆனால் அதில் தாளத்துக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் மத்தளக்காரருக்கு வேலை போகிறது. அதைவிட, அந்தத் தாளம் யாருக்காகவும் நிற்காது. வீமன் வேடம் கட்டியவன் அடவை ஒரு சுற்று நீட்டினால் மத்தளம் கூடவே நீளும். பின்பாட்டு இழுத்துப் பிடிக்கும். பெட்டிக்காரர் துருத்தியை மெல்ல அடித்துக்கொண்டு காத்திருப்பார். பொத்தான் தாளம் காத்திராது. ஆடுகிறவன் அதன் பின்னால் ஓட வேண்டும். கூத்தாடி பின்னால் வாத்தியம் வருகிறதா, வாத்தியத்தின் பின்னால் கூத்தாடி ஓடுகிறானா என்பதைப் பார்த்துத்தான் ஒரு கருவியைச் சேர்ப்பதும் விலக்குவதும் நடக்க வேண்டும். விலை, பிறந்த நாடு, கற்க ஆகும் காலம் இவற்றை வைத்து அல்ல. கீபோர்டு வாங்கிய ஜமாவிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: மத்தளக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.